இஞ்சித் தேநீரில் இரண்டு போலந்துச் சொற்கள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொஸ்லந்தக் கடைத்தெருவில் மாலைப்பொழுது மழையின்றிக் கழிவது அரிது. அப்புத்தளை மலைமுகட்டிலிருந்து இறங்கும் மேகம், வெல்லவாய வீதியின் வளைவுகள்தோறும் தங்கித் தங்கி வந்து, கடைகளின் தகரக் கூரைமேல் நீராய்ச் சொரியும். அவ்வாறு மழை பிடித்துக்கொண்ட ஒருநாள், பாடசாலை விட்டு வந்த நான் வழியிலிருந்த தேநீர்க்கடை ஒன்றினுள் ஒதுங்கினேன்.

எனக்கு முன்னரே அங்கு ஒதுங்கியிருந்தோர் மூவர். ஒருவர் பஸ் நடத்துநரான சிங்கள அன்பர். மற்றிருவரும் தியலும நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு, நனைந்த ஆடையுடன் நடுங்கிக்கொண்டிருந்த முதிய ஐரோப்பியத் தம்பதியர். நடத்துநர், "இங்குரு தே எக்கக்" என்று கேட்டார். கடைக்காரர் எல்லோர்க்குமாக இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஆவி பறக்கும் சாயத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அம்மூதாட்டி கோப்பையை முகத்தருகே பிடித்து மணந்து பார்த்து, கணவரை நோக்கி மலர்ந்த முகத்துடன், "ஹெர்பாத்தா ஸ் இம்பிரெம்" என்றார்.

கடைக்காரரின் மகன் உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கிறான். அவன் என் அருகே வந்து மெல்லிய குரலில் கேட்டான்: "சேர், நாம இஞ்சிங்கிறோம். அந்த அண்ணன் இங்குருங்கிறார். இவங்க இம்பிர்ங்கிறாங்க. மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்கே?"

அத்தம்பதியர் போலந்து நாட்டின் தொருன் என்னும் பழைய நகரத்தினர் என்பதைப் பேச்சுவாக்கில் அறிந்தேன். 'ஹெர்பாத்தா' என்றால் அவர்கள் மொழியில் தேநீர். 'இம்பிர்' என்றால் இஞ்சி. இஞ்சி சேர்த்த தேநீர் என்பதே அம்மூதாட்டி சொன்னதன் பொருள். அவர்கள் நாட்டுக் கடும் பனிக்காலத்திலும் இப்பானம் உண்டாம்.

மாணவனின் ஐயம் மிகச் சரியானது. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளே. அவ்வீடு எங்கே இருந்தது, பிள்ளைகள் எவ்வழியாக எங்கெங்கு போயினர் என்பதை இவ்வாரம் நேயர்களுடன் சேர்ந்து ஆராயலாம் என்று எண்ணுகிறேன். அதே கோப்பையில் இருந்த 'ஹெர்பாத்தா' என்ற மற்றச் சொல்லும் நம் வீட்டுக் கதையொன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. அதையும் இறுதியில் காண்போம்.

வேர் சென்ற வழி

போலந்து மொழியின் 'இம்பிர்' அந்நாட்டு மண்ணில் முளைத்த சொல்லன்று. இஞ்சியே அங்கு விளைவதில்லை. இடைக்காலத்தில் செர்மானிய வணிகர் நறுமணப் பொருள்களை வடகடல் நகரங்களுக்குக் கொண்டுசென்றபோது, சரக்குடன் பெயரும் சென்றது. செர்மன் மொழியில் இஞ்சிக்கு இன்று 'இங்வர்' என்று பெயர். அதன் பழைய வடிவங்களுள் ஒன்று 'கிங்கிபெரோ'. 'இம்பர்' என்ற வட்டார வழக்கும் அம்மொழியில் உண்டு. அவ்வழியே வந்ததுதான் போலந்தின் 'இம்பிர்'. ரஷ்ய மொழியிலும் ஏறத்தாழ இதுவே பெயர்.

செர்மானியர்க்கு இச்சொல்லைத் தந்தது இலத்தீன். அங்கே அது 'சிங்கிபெர்'. இன்றும் தாவரவியலார் இஞ்சியை 'சிங்கிபெர் ஒஃபிசினாலே' என்றே வழங்குகின்றனர். பின்னுள்ள சொல்லுக்கு மருந்துக்கடைக்கு உரியது என்பது கருத்து. இதே இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து 'ஜிஞ்சர்' ஆயிற்று. உரோமானிய அறிஞர் பிளினி, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தின்போது உயிர்நீத்தவர். தம் நூலில் அவர் கறுப்பு மிளகு ஓர் இறாத்தல் 4 தினாரியம் என்றும் இஞ்சி 6 தினாரியம் என்றும் விலை குறித்திருக்கிறார். மிளகைக் காட்டிலும் இஞ்சிக்கு விலை ஏற்றம்! ஆயினும் அது அராபிய நாட்டில் விளைவது என்றே அவர் நம்பினார். இடைத்தரகரிடம் பொருள் வாங்குவோர், தரகரின் ஊரையே பொருளின் ஊராகக் கொள்வது அன்றும் இருந்தது; இன்றும் இருக்கிறது.

இலத்தீனுக்குக் கொடுத்தது கிரேக்கம். முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் தம் மருந்து நூலில் இதனைச் 'சிங்கிபெரிஸ்' என்கிறார். கிரேக்கத்துக்கு அப்பால் நாம் இந்திய மண்ணில் காலடி வைக்கிறோம். பாளி மொழியில் இஞ்சிக்குப் பெயர் 'சிங்கிவேர'. பௌத்த சங்கத்தின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகத்தில், நோயுற்ற பிக்குமார் மருந்தாகக் கொள்ளத்தக்க வேர்கள் என்று மஞ்சளுடன் சேர்த்துச் சிங்கிவேரமும் எண்ணப்பட்டுள்ளது. நம் நாட்டுச் சிங்கள மொழியின் 'இங்குரு' இந்த வடிவத்தின் வழித்தோன்றல். பழைய சகர ஒலி சிங்களத்தில் ஹகரமாகி, இச்சொல்லில் பின்னர் அதுவும் தேய்ந்து மறைந்தது. சூரியன் சிங்களத்தில் 'ஹிரு' ஆனதும் இவ்வழியே.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கடையில் நடத்துநர் கேட்டது 'இங்குரு தே'. இதையே ஒரு செர்மானியர் கேட்டிருந்தால் 'இங்வர் டே' என்றிருப்பார். பல்லாயிரம் கல் இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இரு மொழிகள், தனித்தனியே ஒலி தேய்ந்து தேய்ந்து ஏறத்தாழ ஒரே வடிவத்தில் வந்து நிற்கின்றன!

பாளிக்கும் முந்தைய வீடு எது? 'சிங்கிவேர' என்னும் சொல்லின் பின்பாதியை உற்று நோக்கினால், தமிழ் அறிந்த எவர்க்கும் அது விளங்கிவிடும். அது நம் 'வேர்'. முன்பாதியோ 'இஞ்சி'. இஞ்சிவேர் என்பதே அச்சொல். ஆங்கிலேய மொழியறிஞர் ஆலன் ரோஸ் 1952இல் இந்த ஒரு சொல்லின் பயணத்துக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். 1961இல் பர்ரோ, எமனோ என்னும் இரு பேரறிஞர்கள் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியிலும் இஞ்சி இடம்பெற்றுள்ளது.

"சேர், அப்போ முன்னால இருக்கிற 'ச' எங்கிருந்து வந்திச்சு? நாம 'இ'ன்னுதானே ஆரம்பிக்கிறோம்?" என்று மாணவன் மடக்கினான். நல்ல கேள்வி. அவர்கள் சகரத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை, நாம்தாம் இழந்தோம். பழந்திராவிடச் சொற்கள் பலவற்றின் முதலில் நின்ற சகரம் தமிழில் மறைந்தது என்பது மொழிநூலார் துணிபு. 'சிறகு', 'இறகு' என இரண்டும் நம்மிடையே வழங்குகின்றன அன்றோ? 'சமணர்', 'அமணர்' என்பதும் அத்தகையதே. அதுபோல, சகரத்தோடு கூடிய பழைய வடிவம் வடக்கே போய்ச் 'சிங்கிவேர' என நிலைத்தது. வீட்டிலேயே தங்கிய சொல் சகரத்தை உதறி 'இஞ்சி' ஆயிற்று. வெளியூர் சென்ற பிள்ளை தாத்தாவின் மோதிரத்தைப் பத்திரமாக வைத்திருக்க, வீட்டிலிருந்த பிள்ளை அதைத் தொலைத்துவிட்ட கதை இது.

சங்க நூல்களுள் ஒன்றான மதுரைக்காஞ்சி, மலைநிலத்து விளைபொருள்களைக் கூறுமிடத்து இஞ்சியையும் மஞ்சளையும் சேர்த்தே சொல்கிறது. மாணவர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். தமிழில் 'இஞ்சி' என்பதற்கு மதில் என்றும் ஒரு பொருள் உண்டு. அது வேறு சொல். ஒலி ஒன்றுபட்டதனால் உறவு ஒன்றுபடாது.

தொருன் நகரத் தம்பதியரிடம் இன்னொரு செய்தியும் சொன்னேன். அந்நகரம் வானியல் மேதை கோப்பர்நிக்கஸ் 1473இல் பிறந்த ஊர். 'பியெர்னிக்' எனப்படும் மசாலா ரொட்டிக்கும் அது பெயர்போனது. மிளகு சேர்ந்தது என்பதே அப்பெயரின் அடிப்படைப் பொருள். போலந்து மொழியில் மிளகு 'பியெப்ஷ்'. அது இலத்தீன் 'பிப்பெர்', கிரேக்கப் 'பெப்பெரி' என்று பின்னோக்கிச் சென்று வடமொழிப் 'பிப்பலி'யில் முடியும். நம் நாட்டு மருந்துக்கடையில் சுக்கு, மிளகுடன் சேர்த்துக் கட்டிக் கொடுக்கப்படும் திப்பிலியே அது. முதியவர் வியந்து சிரித்தார். தம் ஊர்ப் பலகாரத்தின் பெயருக்குள் எங்கள் ஊர்ச் சரக்கு மூட்டை ஒன்று இத்தனை நூற்றாண்டாக இருந்ததை அவர் அறிந்திருக்கவில்லை.

மானின் கொம்பு

இச்சொல்லின் பயணத்தில் ஒரு திருப்பம் உண்டு. பாளியிலும் பிராகிருதத்திலும் வழங்கிய இச்சொல்லை வடமொழிப் புலவர்கள் எடுத்தாண்டபோது, அதன் வேர் அவர்களுக்கு விளங்கவில்லை. விளங்காத சொல்லை மனித மனம் பொறுப்பதில்லை. சிருங்கம் என்றால் வடமொழியில் கொம்பு. இஞ்சிக்கிழங்கும் மானின் கொம்பு போலக் கிளைத்திருக்கிறது. ஆகவே, கொம்பு போன்ற உடலையுடையது என்று பொருள்படும்படி அதனைச் 'சிருங்கவேர' என்று திருத்தி அமைத்தனர்.

வரலாற்றுப்படி நோக்கின் இது பிழை. ஆயினும் இஞ்சிக்கிழங்கைக் கையிலெடுத்துப் பாருங்கள். கொம்பு போலத்தான் இருக்கிறது! பிழையான சொற்பிறப்பு ஒன்று பொருளைச் சரியாகப் பார்த்த கண்ணிலிருந்து பிறந்திருக்கிறது. மொழிநூலார் இத்தகைய விளக்கத்தை மக்கட் சொற்பிறப்பு என்பர். தெரியாத சொல்லுக்குள் மக்கள் தாம் கண்டதை வைத்துவிடுகின்றனர். இதனை மனத்திற்கொண்டு அடுத்த சொல்லுக்கு வருவோம்.

இலை வந்த வழி

உலக மொழிகள் பலவற்றில் தேநீரின் பெயர் இரு பெரும் பிரிவில் அடங்கும். சீனரின் எழுத்து ஒன்றே. ஆனால் அதனை வட பகுதியிலும் கன்ரன் பகுதியிலும் 'சா' என்று படிப்பர். தென்கிழக்கே அமோய்த் துறைமுகம் அமைந்த புக்கியென் கரையில் 'தே' என்று படிப்பர். தரை வழியே சரக்குப் பெற்ற பாரசீகர், துருக்கியர், ரஷ்யர், வட இந்தியர் ஆகியோர் 'சாய்' என்றனர். புக்கியென் வணிகரிடம் கடல் வழியே வாங்கிய ஒல்லாந்தர் 'தே' என்றனர். ஒல்லாந்தரிடமிருந்து அப்பெயர் மேற்கு ஐரோப்பாவில் பரவியது. கடலோடிகளேயாயினும் போர்த்துக்கேயர் மக்காவோவில் தங்கியமையால் 'சா' என்றே கொண்டனர்.

ஆங்கிலேயரும் தொடக்கத்தில் இதனை 'டே' என்றே ஒலித்தனர். 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் செய்யுளில் அமைந்த எதுகை இதற்குச் சான்று. பின்னரே அது 'டீ' ஆயிற்று. நம் 'தேயிலை'யில் உள்ள ஏகாரம் அப்பழைய ஒலியோடு ஒத்து நிற்க, கடைப்பலகையில் காணும் 'டீ' பிற்கால ஒலியோடு ஒத்து நிற்கிறது.

போலந்தில் நிகழ்ந்தது வேறு. அங்குத் தேயிலை முதலில் மருந்தாகவே புகுந்தது. மருந்துக்கடைக்காரரின் மொழி இலத்தீன். அவர்கள் அதனை 'ஹெர்பா தேயா' என்று எழுதினர். 'ஹெர்பா' என்றால் பூண்டு, மூலிகை. 'தேயா' என்பது அமோய்த் துறைமுகத்துத் 'தே'யின் இலத்தீன் கோலம். தே என்னும் மூலிகை என்பது கருத்து. இரண்டு சொற்களும் இறுகி ஒன்றாகி 'ஹெர்பாத்தா' பிறந்தது. அயல்நாட்டு லித்துவேனியர் 'அர்பாத்தா' என்கின்றனர். போலந்தின் பெரும்பகுதி நீண்ட காலம் ரஷ்யர் ஆட்சியில் இருந்தமையால், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலுக்கு மட்டும் 'சாய்னிக்' என்ற ரஷ்யப் பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே ஒரு போலந்து அடுப்படியில் கேத்தல் தரைவழியே வந்தது. கோப்பையிலுள்ளது கடல்வழியே வந்தது!

இனித் தமிழைப் பாருங்கள். நாமும் 'தே' என்று தனியே சொல்வதில்லை. 'தேயிலை' என்கிறோம். மலையாளத்தாரும் 'தேயில' என்பர். தெலுங்கரோ 'தேயாகு' என்பர். ஆகு என்றால் அவர்கள் மொழியில் இலை. அறியாத 'தே'யின் பக்கத்தில் போலந்தார் தாம் அறிந்த மூலிகையை வைத்தனர். நாம் அறிந்த இலையை வைத்தோம். ஹெர்பாத்தாவும் தேயிலையும், ஒன்றையொன்று பாராமலே, ஒரே அச்சில் வார்த்த இரு நாணயங்கள்.

இலக்கண மாணவர்க்கு ஒரு குறிப்பு. தே + இலை என்பது புணரும்போது இடையே யகர உடம்படுமெய் தோன்றுகிறது. ஏகாரத்தின் முன் யகரமும் வரும், வகரமும் வரும் என்பது நன்னூல் விதி. தே + ஆரம் எனப் பிரிக்கப்படும் 'தேவார'த்தில் வகரம் வந்தது. 'தேயிலை'யில் யகரம் வந்தது.

தேய்ந்த கை

இவ்வளவும் நான் அறிந்தவன் என்ற பெருமிதத்தோடுதான் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் 'தேயிலை' என்று கரும்பலகையில் எழுதிப் பிரித்தெழுதுமாறு கேட்டேன். பலர் தே + இலை என்று எழுதினர். தோட்டத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி தேய் + இலை என்று எழுதியிருந்தாள்.

"இதற்கு என்ன பொருள், பிள்ளை?" என்று கேட்டேன்.

"கை தேயிற இலை, சேர். அம்மாட கை அப்படித்தான் தேஞ்சிருக்கு" என்றாள்.

வகுப்பில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாயாரும் கொழுந்து எடுத்தவர். காலைப் பெரட்டுக்குச் செல்லும்முன் அவர் சுண்டிய இஞ்சித் தண்ணீரைக் குடித்தே நான் வளர்ந்தேன். கொழுந்தின் சாயம் ஏறிக் கறுத்து, தோல் வெடித்து, ரேகை அழிந்த அவருடைய சுட்டுவிரலும் கட்டைவிரலும் என் கண்முன் நின்றன. அவ்விரல்கள் பிடித்துத்தான் நான் முதன்முதல் அகரம் எழுதினேன்.

இலக்கண விதியின்படி ஆராய்ந்தேன். 'தேய்' என்பது வினைப்பகுதி. அதனோடு இலை என்ற பெயர் சேர்ந்தால் தேயிலை என்றே வரும், எழுத்தில் பிழையில்லை. அது வினைத்தொகையாகும். வினைத்தொகை மூன்று காலத்தையும் உள்ளடக்கும்: தேய்ந்த இலை, தேய்கின்ற இலை, தேயும் இலை. தேய்தற்குக் காரணமான இலை என்று பொருள் கொள்வதற்கும் இலக்கணத்தில் இடமுண்டு. பாட்டியின் கை தேய்ந்தது, தாயின் கை தேய்கிறது, மகளின் கை தேயும் என்ற மூன்று காலத்தையும் அச்சிறுமி ஒரு தொகைக்குள் அடக்கிவிட்டாள்.

என் முன் இருந்த சிக்கல் எளியதன்று. சரி என்று சொன்னால் வரலாற்றுக்குத் துரோகம். 'தே' அமோயிலிருந்து வந்ததேயன்றி எவர் கையும் தேய்ந்ததனால் வந்ததன்று. தவறு என்று மட்டும் சொல்லி அமர்ந்தால், அவள் கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று சொல்லியவன் ஆவேன். அன்று எனக்குத் துணைக்கு வந்தது இஞ்சியே. வடமொழிப் புலவர்கள் இஞ்சியில் மான்கொம்பைக் கண்ட கதையை வகுப்பிற்குச் சொன்னேன். "இச்சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தே + இலை என்று எழுதுங்கள், பரீட்சையில் அதற்கே புள்ளி. இச்சொல் நம்மிடம் வந்தபின் என்ன பட்டது என்று கேட்டால், இவள் எழுதியதும் ஒரு விடை. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றேன். பலகையில் இரண்டையும் எழுதி, ஒன்றின்கீழ் 'பிறப்பு' என்றும் மற்றதன்கீழ் 'வாழ்வு' என்றும் குறித்தேன்.

லயமும் லாயமும்

இத்தகைய சொல் நம்மிடையே வேறொன்றும் உண்டு. தோட்டத்துக் குடியிருப்பை 'லயம்' என்கிறோம். குதிரை கட்டும் லாயம் என்பதே குறுகி லயம் ஆயிற்று, மனிதரைக் குதிரைபோல் அடைத்து வைத்தமையால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சொல்லின் பிறப்பு அதுவன்று. வரிசை வரிசையாகக் கட்டிய அறைகளை வெள்ளைக்காரத் துரைமார் 'லைன்' என்றனர். அதுவே நம் வாயில் லயம் ஆயிற்று. ஆங்கில 'லைன்', இலத்தீன் 'லீனேயா' என்பதிலிருந்து வந்தது. அதற்கும் வேர் 'லீனும்', அதாவது சணலை ஒத்த ஆளி என்னும் நார்ச்செடி. ஆளி நூலைக் கயிறாக முறுக்கிப் பிடித்துத்தான் அக்காலத்துத் தச்சர் நேர்கோடு இட்டனர். போலந்து மொழியிலும் கோட்டுக்கு 'லீனியா' என்றே பெயர். சங்கீத வித்துவான் சொல்லும் லயம் வடமொழி. அதற்கும் இதற்கும் உறவில்லை.

பிறப்பில் லாயம் பிழையே. ஆயினும் பத்தடி அறையொன்றில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் ஏன் அப்படிப் பொருள் கண்டனர் என்று கேட்காமல் விடுபவன், சொல்லைப் பாதியே படித்தவன். 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் காலையில், இதே கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்றுமுதல் எங்கள் ஊரில் 'லயம்' என்ற சொல்லைச் சொல்லும்போது குரல் சிறிது தாழ்கிறது. எந்த அகராதியும் அதனைக் குறிக்கப்போவதில்லை.

சொல்லுக்குக் குடியுரிமை

மலைநாட்டில் தேயிலையை முதன்முதல் வணிகப் பயிராகத் தொடங்கியவர் ஜேம்ஸ் டெயிலர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அவர் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துவிடவே, தேயிலை மலையெங்கும் பரவியது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அந்த இலையை வளர்க்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகளே நாம்.

'தே' என்ற சீனச் சொல் தமிழில் நுழைந்தபோது அதனிடம் எவரும் பத்திரம் கேட்கவில்லை. உடம்படுமெய் ஒன்றைக் கொடுத்து, இலையின் அருகே உட்காரவைத்து, உள்ளூர்ச் சொல்லாக்கிக்கொண்டோம். ஆனால் அந்த இலையைப் பறித்தவர்களிடமோ பத்திரம் கேட்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்ரோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்த நீண்ட கணக்கு ஒருவாறு முடிவுற்றது.

இதை நான் அந்தப் போலந்துத் தம்பதியரிடம் சுருக்கமாகச் சொன்னபோது, முதியவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்னர், தம் நாடும் 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் உலகப் படத்தில் இல்லாதிருந்தது என்றார். மூன்று பேரரசுகள் அதனைப் பங்கிட்டுக்கொண்டன. நாடு இல்லாத அத்தனை காலமும் அவர்களை ஓரினமாக வைத்திருந்தவற்றுள் முதன்மையானது மொழியே. அவர் பாட்டனாரின் பாட்டனார் ரஷ்ய ஆட்சியின்கீழ் வாழ்ந்தபோதும், வீட்டில் 'சாய்' என்னாமல் 'ஹெர்பாத்தா' என்றே சொன்னாராம். கோப்பையில் இருந்தது என்னவோ ஒன்றுதான்; ஆனால் சொல்லை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

நமக்கும் போலந்துக்கும் உள்ள மொழியுறவு மிளகோடும் இஞ்சியோடும் முடிந்துவிடவில்லை. வாண்டா டினோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணி 1935 அளவில் இந்தியா வந்து, உமாதேவி என்ற பெயருடன் வாழ்ந்து, 1971இல் அம்மண்ணிலேயே மறைந்தார். திருவண்ணாமலை ரமண மகரிஷியிடம் ஈடுபாடு கொண்ட அவர், திருக்குறளைப் போலந்து மொழியில் தந்தவர். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நாம் அனுப்பியது ஒரு வேர். அவர் கொண்டுசேர்த்தது ஒரு நூல்.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஒரு வார்த்தை

மழை விட்டது. வெல்லவாயவிலிருந்து மேலேறி வந்த பஸ்ஸில் அத்தம்பதியர் புறப்பட்டனர். புறப்படுமுன் அம்மூதாட்டி தம் குறிப்புப் புத்தகத்தை நீட்டினார். அதில் 'இஞ்சி வேர்' என்று தமிழில் எழுதி, அதன்கீழ் 'இம்பிர்' என்பதையும் எழுதிக் கொடுத்தேன். நடத்துநர் அன்பர் எட்டிப் பார்த்து, தம் எழுத்தில் 'இங்குரு' என்று சேர்த்தார். மூன்று சொற்களும் ஒரே பக்கத்தில் வந்து சேர்வதற்கு இரண்டாயிரம் ஆண்டும் ஒரு மழையும் தேவைப்பட்டன.

கடைக்காரரின் மகனுக்கு நான் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அவனுடைய அப்பாயி, முதுமையிலும் தெளிவாகப் பேசுபவர். பெரட்டு, கங்காணி, கவ்வாத்து, கொழுந்து மடுவம் என்று அவர் வாயில் வரும் தோட்டத்துச் சொற்களையெல்லாம் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரு பத்திகள்: முதற்பத்தியில் பிறப்பு, அதற்கு நான் உதவுவேன். இரண்டாம் பத்தியில் வாழ்வு. அதற்கு அப்பாயி சொல்வதை அப்படியே எழுதவேண்டும். இவ்வேலையை எந்த வீட்டிலும் செய்யலாம். அச்சொற்களை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். அகராதி அவர்களைத் தேடி லயத்துக்கு வராது.

தேய் + இலை என்று எழுதிய அந்த மாணவி இப்பொழுது ஆசிரிய கலாசாலையில் பயில்கிறாள். சென்ற விடுமுறையில் வந்தபோது, பயிற்சி வகுப்பில் தான் 'தேயிலை' என்ற சொல்லைக் கற்பித்ததாகச் சொன்னாள். "எப்படிப் பிரித்தாய்?" என்று கேட்டேன்.

"ரெண்டையும் எழுதினேன், சேர். பிறப்பை முதல்ல எழுதினேன்" என்றாள்.